சோறு போடுமா இந்தப் படிப்பு?

சென்ற வாரம் திருப்பூர் போயிருந்தேன். கூட்டம் முடிந்து, தோழர்கள் கொடிகளைச் சுருட்டிக் கட்டிக் கொண்டிருந்த நேரம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். முகத்திலே மகிழ்ச்சியும் இருந்தது, கவலையும் இருந்தது.

"ஏனுங்க தோழர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க. எம் புள்ளைக்கு வெளியூர்ப் பல்கலைக் கழகத்துல எடம் கெடச்சிருக்குதுங்க. இஞ்சினீரு படி, கணக்குப் படின்னா கேக்க மாட்டேங்குது. தத்துவமும் மானிடவியலும் சேத்துப் படிக்கறேங்குது. அதென்ன படிப்புங்க அது? சோறு போடுமுங்களா?"

பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் சிரித்தார். "மாஸ்டர் மகள் சாமியாராகப் போகுது போல!" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கேட்டவரும் சிரிக்கத்தான் செய்தார். ஆனால், கேள்வி அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகி விட்டதால், "படிக்கட்டும் தோழர், தடுக்காதீர்கள்" என்ற அளவிலேதான் சொல்ல முடிந்தது. அது போதாது. இருபது ஆண்டுகள் கட்டிங் டேபிள் முன்னால் நின்று கால் வீங்கிய ஒரு தகப்பன் கேட்கிற கேள்விக்கு, பஸ் படிக்கட்டில் நின்று பதில் சொல்லிவிட்டு வருவது முறையாகாது. ஆகவே, சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, அவரைப் போன்ற நிலையிலுள்ள எல்லாத் தோழர்களுக்கும்.

தத்துவம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? காவி, கமண்டலம், காடு, கண்ணை மூடிய தவம்! அப்படி நினைக்கும்படி நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். உண்மை அதுவல்ல. கேள்வி கேட்பதும், கேட்ட கேள்வியை விடாமல் துரத்துவதும்தான் தத்துவம். நியாயம் என்றால் எது? ஒருவன் ஆணையிடுவதற்கும் மற்றவன் பணிவதற்கும் ஆதாரம் என்ன? ஒன்றை உண்மை என்று எப்படி அறிவது? இவையெல்லாம் தத்துவத்தின் கேள்விகள். பஞ்சப்படி வெட்டப்பட்ட அன்று மில் கேட்டில் நின்று, "இது நியாயமா?" என்று தொழிலாளி கேட்கிறானே, அப்போதே அவன் அந்தப் படிப்பின் முதல் பாடத்தைத் தொடங்கி விட்டான். பெயர்தான் அவனுக்குத் தெரியாது.

மானிடவியல் என்பது என்ன? மனிதக் கூட்டங்களை நேரில் சென்று பார்த்து, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களோடு இருந்து அறிகிற படிப்பு. எப்படி மணம் முடிக்கிறார்கள், விளைந்ததை எப்படிப் பங்கிடுகிறார்கள், யாரை வீட்டுக்குள் விடுகிறார்கள், யாரை வாசலிலேயே நிறுத்துகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிற படிப்பு. மாலினோவ்ஸ்கி என்ற போலந்து நாட்டு அறிஞர், முதல் உலகப் போர்க் காலத்தில், 1915 முதல் 1918 வரை இருமுறை சென்று, பசிபிக் கடலிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் ஊர் நடுவே கூடாரம் அடித்துத் தங்கி, அந்த மக்களின் வாழ்வை எழுதினார். அதற்குப் பிறகு, கூட வாழ்ந்து பார்க்காமல் எழுதுவது குறை என்ற கருத்து அந்தத் துறையிலே வேரூன்றி விட்டது.

ஆக, ஒரு படிப்பு கேட்கிறது: மனித வாழ்வு எப்படி இருக்க வேண்டும்? மற்றொரு படிப்பு கேட்கிறது: மனித வாழ்வு எப்படி இருக்கிறது, எப்படி இப்படி ஆயிற்று? இரண்டும் இரண்டு கைகள் தோழர்களே! ஒரு கையால் துணியை வெட்ட முடியாது. ஒரு கை துணியைப் பிடிக்க வேண்டும், மறு கை கத்தியை ஓட்ட வேண்டும். இரு கையில் ஒன்று இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றிலே சான்று நிரம்ப இருக்கிறது.

முதலில், தத்துவம் மட்டும் இருந்து, மக்களை நேரில் காணாத கதையைப் பாருங்கள். கிரேக்கத்துப் பேரறிஞர் அரிஸ்டாட்டில். அவர் அறியாத துறை இல்லை என்பார்கள். அவரே, சில மனிதர்கள் இயற்கையிலேயே அடிமைகள் என்று எழுதி வைத்தார். அடிமை என்று யாரைச் சொன்னாரோ, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எப்படி அடிமையானாய்? போரில் பிடிபட்டாயா? விலைக்கு விற்கப்பட்டாயா?" என்று கேட்டு எழுதியிருந்தால், 'இயற்கை' என்ற சொல் அங்கே நின்றிருக்குமா?

அது பழங்காலம் என்பீர்கள். இம்மானுவேல் காண்ட் பழங்காலத்தவர் அல்லர். மனிதனை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்ற உயர்ந்த அறத்தை 1785-இல் உலகுக்குச் சொன்ன ஜெர்மன் மேதை. அதே காண்ட், 1772 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மானிடவியல் பற்றியும் பாடம் நடத்தினார். ஆனால், தம் ஊராகிய கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தை விட்டு அவர் வெளியே சென்றதில்லை. அது துறைமுக நகரம், கப்பல்கள் வந்து போகும் இடம், ஆகவே ஊரை விட்டுப் போகாமலே உலகை அறியலாம் என்று கருதினார். பயணிகள் எழுதிய ஏடுகளைப் படித்தார். படித்ததை வைத்து, வெள்ளை இனம் மேலே, மற்ற இனங்கள் கீழே, கீழே, இன்னும் கீழே என்று அடுக்கி வைத்தார்! முதிய வயதில், ஐரோப்பியர் பிற நாடுகளில் புகுந்து கொள்ளையடிப்பதை அவரே கண்டித்து எழுதினார். அதையும் சொல்வதுதான் நேர்மை. ஆனால், அவர் ஏற்கெனவே அடுக்கி வைத்த படிக்கட்டில் ஏறி நின்றுதான் பிறகு பலர் நம் போன்றவர்களைக் குனிந்து பார்த்தார்கள்.

இனி, மறுபக்கம். நேரில் வந்தார்கள், பார்த்தார்கள், அளந்தார்கள். ஆனால், "இது நியாயமா?" என்ற கேள்வி அவர்களிடம் இல்லை. அந்தக் கதை நம் மண்ணிலேயே நடந்தது.

ரிஸ்லி என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி. 1901 மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவர். மக்களை நிறுத்தி வைத்து மூக்கை அளந்தார்; நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று விகிதம் போட்டார். மூக்கு அகலமாக ஆக, சமூகத்தில் அந்த ஜாதியின் இடம் கீழே போகிறது என்று கொள்கையே வகுத்தார். ஜாதிகளை உயர்வு தாழ்வு வரிசையிலே அடுக்குவதைச் சர்க்கார் வேலையாகவே ஆக்கினார். விளைவு? எங்களை மேலே போடு, அவர்களைக் கீழே போடு என்று ஜாதிச் சங்கங்கள் மனுக்களைத் தூக்கிக் கொண்டு அலைந்தன. இருந்த நோயைக் கணக்கெடுக்க வந்தவர், நோயை இன்னும் வளர்த்து விட்டுப் போனார்.

சென்னை மியூசியத்தில் 1885 முதல் 1908 வரை தலைமை அதிகாரியாக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவரும் அளவுகோலோடு மாவட்டம் மாவட்டமாகச் சென்றார். தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி, ரங்காச்சாரி என்பவர் துணையோடு, 1909-இல் ஏழு பெரும் புத்தகங்களை வெளியிட்டார். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். பயனுள்ள செய்திகள் அவற்றில் இல்லாமல் இல்லை. ஆனால், அளக்கப்பட்ட மனிதன் அங்கே ஒரு பொருள். அலமாரியில் வைக்கப்பட்ட வண்டைப் போல, கல்லைப் போல. அவனும் கேள்வி கேட்பான், அவனுக்கும் மானம் உண்டு என்ற எண்ணத்திற்கு அந்த அட்டவணையிலே கட்டம் இல்லை.

பிறப்பை வைத்து மனிதனை முடிவு கட்டும் அதே புத்திதான் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் பெற்றது. வடக்கே 1871-இல் பிறந்த அந்தச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு கூட்டத்தில் பிறந்தவன், பிறந்ததாலேயே குற்றவாளி! கைரேகை பதிக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற மக்களை, 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் சுட்டு வீழ்த்தினார்கள். அந்த மக்கள் கேட்டது என்ன? "குழந்தை குற்றம் செய்யுமுன்பே அதைக் குற்றவாளி என்பது நியாயமா?" என்பதுதான். அளவுகோல் பிடித்த படிப்பாளிகள் கேட்க மறந்த கேள்வியை, ஏட்டுப் படிப்புப் படிக்காத உழவர்கள் கேட்டார்கள். கேட்டதற்கு உயிரைக் கொடுத்தார்கள். அந்தச் சட்டம் 1947-இல்தான் இங்கே ஒழிந்தது. 1952-இல்தான் நாடு முழுவதும் ஒழிந்தது.

கண்டீர்களா தோழர்களே! நேரில் பாராத தத்துவம் அடிமைத்தனத்தை இயற்கை என்றது. நியாயம் கேளாத மானிடவியல் மூக்கை அளந்து முத்திரை குத்தியது. அப்படியானால், இரண்டும் ஒன்று சேர்ந்தால்?

சேர்ந்தது. எங்கே, எப்படி என்று சொல்கிறேன்.

ஃபிரான்ஸ் போவாஸ் என்றொரு அறிஞர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் 1858-இல் பிறந்தவர்; பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவர். 1883-இல் வட துருவத்தை ஒட்டிய பாஃபின் தீவுக்குச் சென்று, பனிப் பாலையிலே வாழும் எஸ்கிமோ மக்களோடு ஓராண்டு தங்கினார். கையோடு அவர் கொண்டு போன புத்தகங்களிலே காண்ட் எழுதியதும் ஒன்று! பகலில் அந்த மக்களோடு பனிச் சறுக்கு வண்டியில் பயணம், இரவில் தத்துவப் புத்தகம். காண்ட் தாமே செய்யாததை, காண்டைப் படித்தவர் செய்தார். காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பா ஏசிய அந்த மக்களிடம், உணவைப் பங்கிட்டு உண்ணும் பண்பையும் விருந்தோம்பலையும் கண்டு, நாகரிகம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று கேட்கத் தொடங்கினார்.

பின்னாளில் அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். அங்கே அவரும் தலையை அளந்தார், தெரியுமா? ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ 18,000 பேரை அளந்து, 1911-இல் முடிவை வெளியிட்டார். மண்டை ஓட்டின் வடிவம் அந்தந்த இனத்துக்கு மாறாதது, தலைமுறை தலைமுறையாக நிலையானது என்று அதுவரை அடித்துப் பேசினார்கள். போவாஸ் கண்டது வேறு. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் தலை, அவர்களுடைய பெற்றோரின் தலையிலிருந்து மாறியிருந்தது! மாற்றம் எவ்வளவு என்பது பற்றி அறிஞர்கள் இந்த நூற்றாண்டிலும் வாதிட்டிருக்கிறார்கள். ஆனால், மாறாத இனம் என்ற கோட்டையில் அன்று விழுந்த விரிசல் மூடவில்லை. ரிஸ்லி பிடித்ததும் அளவுகோல், போவாஸ் பிடித்ததும் அளவுகோல். கருவி ஒன்றுதான், கேள்விதான் வேறு. 1933-இல் நாஜிகள் கொளுத்திய புத்தகங்களிலே போவாஸ் எழுதியவையும் இருந்தன என்றால், அந்தக் கேள்வியின் வலிமை என்ன என்பது விளங்கும்.

அதே கொலம்பியாவுக்கு 1913-இல் நம் நாட்டிலிருந்து ஓர் இளைஞர் போய்ச் சேர்ந்தார். வயது இருபத்திரண்டு. பரோடா மன்னர் கொடுத்த உதவித் தொகையில் படிக்கச் சென்றவர். பள்ளிக்கூடத்திலே மற்றப் பிள்ளைகளோடு சமமாக உட்கார முடியாமல், தண்ணீர்ப் பானையைத் தொட முடியாமல் வளர்ந்தவர். ஆம், டாக்டர் அம்பேத்கர்தான்!

பொருளாதாரம் அவருடைய முதற் பாடம். அதோடு சமூகவியல், வரலாறு, தத்துவம், மானிடவியல் ஆகியவற்றையும் சேர்த்துப் படித்தார். தத்துவத்தில் அவருக்கு ஆசிரியர் ஜான் டூயி. ஜனநாயகம் என்பது ஓட்டுப் பெட்டி மட்டுமல்ல, மக்கள் கலந்து வாழும் முறை என்று கற்பித்தவர். மானிடவியலில் அவருக்கு ஆசிரியர் கோல்டன்வைசர். போவாஸிடம் பயின்ற மாணவர்.

1916 மே 9-ஆம் நாள், கோல்டன்வைசரின் வகுப்பில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் ஜாதி எப்படித் தோன்றியது, எப்படி இயங்குகிறது, எப்படிப் பரவியது என்பது பொருள். ரிஸ்லி உட்பட அன்றைய பெரிய பெயர்களின் விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். மூக்கிலே இல்லை ஜாதி, இரத்தத்திலே இல்லை ஜாதி என்று காட்டினார். பின் எதிலே இருக்கிறது? தன் கூட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கத்திலே இருக்கிறது என்றார். அந்த வேலியைக் காக்கத்தான் விதவைக்கு மறுமணம் இல்லை என்றார்கள், உடன்கட்டை ஏற்றினார்கள், பால் மணம் மாறாத சிறுமிக்குத் தாலி கட்டினார்கள் என்று விளக்கினார். மேலே உள்ளவன் வேலி போட்டதைப் பார்த்து, அடுத்திருந்தவனும் போட்டான், அதற்கடுத்தவனும் போட்டான், இப்படிப் பரவியது என்றார்.

இதன் பொருள் என்ன? கடவுள் படைத்தது என்றால் நம்மால் மாற்ற முடியாது. இரத்தத்தில் ஊறியது என்றாலும் மாற்ற முடியாது. மனிதன் போட்ட வேலி என்றால்? மனிதனே பிடுங்கலாம்! அந்த வகுப்பறையில் நடந்தது இதுதான் தோழர்களே. பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று ஒருவர் கண்டு விட்டார்.

சாவி பிறகு வந்தது. இருபது ஆண்டு கழித்து, 1936-இல், லாகூரில் ஒரு மாநாட்டுக்குத் தலைமை உரை எழுதினார். அழைத்தவர்களே அந்த உரையைக் கண்டு அஞ்சி மாநாட்டை நிறுத்தி விட்டார்கள். அவரே அதை அச்சிட்டு வெளியிட்டார். ஜாதியை ஒழிக்க வேண்டும் என்ற அந்த உரையைப் பெரியாரின் 'குடி அரசு' ஏடு தமிழர்க்குக் கொடுத்தது. 1916 கட்டுரையில் அவர் கேட்டது, "இது எப்படி வந்தது?" 1936 உரையில் கேட்டது, "இது இருக்கத் தகுமா?" முன்னது மானிடவியலின் கேள்வி, பின்னது தத்துவத்தின் கேள்வி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற அளவுகோலை வைத்து அந்த உரையிலே ஜாதியை அளந்தார். அதில் டூயியைத் தம் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிட்டார்.

இப்போது கட்டிங் மாஸ்டர் தோழரின் கேள்விக்கு வருகிறேன். சோறு போடுமா?

அம்பேத்கருக்குப் போட்டதா என்று பாருங்கள். 1917-இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். கொலம்பியாவில் படித்தவர், லண்டனில் படித்தவர்! தங்குவதற்கு ஓர் அறை கொடுக்க அந்த ஊரில் ஆளில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால், மற்றவர்கள் அந்த அவமானத்தைத் தலையெழுத்து என்று எண்ணி அழுதார்கள். அவர் அதை மனிதன் போட்ட வேலி என்று அறிந்திருந்ததால், வாழ்நாள் முழுவதும் போராடினார்.

சரி, அவர் மேதை. நம் பிள்ளைக்கு என்ன என்று கேட்பீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். இஞ்சினீயர் படிப்பு போல, படித்து முடித்த மறுநாளே சம்பளம் தருகிறேன் என்று கம்பெனிக்காரன் காரில் வந்து அழைத்துப் போகும் படிப்பல்ல இது. ஆனால், வழியே இல்லாத படிப்பும் அல்ல. ஐ.ஏ.எஸ். தேர்வில் தத்துவமும் விருப்பப் பாடம், மானிடவியலும் விருப்பப் பாடம். 1945-இல் தொடங்கிய இந்திய மானிடவியல் ஆய்வுத் துறை மத்திய சர்க்காரின் கீழ் இருக்கிறது. மியூசியங்கள் இருக்கின்றன, பழங்குடியினர் நலத் துறை இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. பாடுபட்டால் சோறு உண்டு. இஞ்சினீயர் வேலைக்கும் இன்று அதே பாடுதான் பட வேண்டியிருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு தெரியும்.

ஆனால் தோழர்களே, நான் திருப்பிக் கேட்கிறேன். தொழிலாளி வீட்டுப் பிள்ளை இதைப் படிக்காவிட்டால், வேறு யார் படிப்பார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை படிப்பான். அவன் நோட்டுப் புத்தகத்தோடு நம் குடிசைக்கு வருவான். நம் கலியாணத்தை, நம் சாவை, நம் சாமியை, நம் கூலியை அவன் எழுதுவான். நல்லவனாக இருந்தால் நன்றாக எழுதுவான். இல்லாவிட்டால், மூக்கை அளந்து விட்டுப் போவான். எழுதப்படுகிறவர்களாகவே நாம் இருந்தது போதாதா? எழுதுகிறவர்களாக எப்போது ஆவது?

கென்யா நாட்டு ஜோமோ கென்யாட்டா லண்டனுக்குச் சென்று, நான் முன்னே சொன்ன அந்த மாலினோவ்ஸ்கியிடமே மானிடவியல் பயின்றார். 1938-இல் தம் சொந்தக் கிகுயு மக்களைப் பற்றித் தாமே புத்தகம் எழுதினார். வெள்ளைக்காரன் பறித்த நிலம் அந்த மக்களுக்கு எத்தகையது என்பதை, அந்த மண்ணின் மகனே உலகுக்கு எடுத்துச் சொன்னார். கானா நாட்டு நிக்ரூமா அமெரிக்காவில் தத்துவம் படித்தவர். 1945-இல் லண்டனில் மானிடவியல் ஆராய்ச்சிக்குப் பெயர் பதிந்தவர். இருவரும் பின்னர் தத்தம் விடுதலை நாட்டுக்குத் தலைவரானார்கள். ஆட்சியில் அவர்கள் செய்த பிழைகள் உண்டு. அது வேறு பேச்சு. ஆளப்படுகிறவன் ஆளுகிறவனின் ஆராய்ச்சிக் கருவியைத் தன் கையில் எடுக்கலாம் என்று காட்டினார்கள் அல்லவா, அதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

படிக்கப் போகும் மகளுக்கும் ஒரு சொல். அம்மா, புத்தகத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினால், தத்துவமும் செத்துப் போகும், மானிடவியலும் செத்துப் போகும். வகுப்பிலே கற்ற கேள்வியைத் தெருவுக்குக் கொண்டு வா. தெருவிலே கண்டதை வகுப்புக்குக் கொண்டு போ. அரிஸ்டாட்டில் சொன்னார் என்றால், யாரைப் பார்த்துச் சொன்னார் என்று கேள். ஆய்வாளர் கண்டார் என்றால், கண்டபின் என்ன நியாயம் சொன்னார் என்று கேள். நாங்கள் சொல்வதையும் கேள்வி கேள். எங்கள் கொடியைப் பார்த்து விட்டு வைத்து விடாதே.

நம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்தோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். பத்திரிகை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் வரும் இப்படிப்பட்ட மாணவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழையுங்கள். படித்ததைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வேலையை, உங்கள் வாழ்க்கையை அவர்கள் கேட்டு எழுதிக் கொள்ளட்டும். அவர்களுக்கும் அது படிப்பு, நமக்கும் அது படிப்பு.

மாஸ்டர் தோழரே! சாமியாராகப் போகிறாளா என்று கேட்டுச் சிரித்தவர்களுக்கு நீங்கள் இனித் தைரியமாகப் பதில் சொல்லலாம். சாமியார் உலகம் மாயை என்று கண்ணை மூடுகிறவர். உங்கள் மகள் உலகத்தைக் கண் திறந்து பார்க்கவும், பார்த்ததை நியாயமா என்று கேட்கவும் போகிறாள். அனுப்பி வையுங்கள். அவள் நாளை ஒரு புத்தகம் எழுதினால், கட்டிங் டேபிள் முன்னால் இருபது ஆண்டு நின்ற மனிதனைப் பற்றி அதில் ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தை உங்கள் மூக்கை அளக்காமல் எழுதுவாள்.